கறுப்பு வெள்ளைக்காரர் வீட்டுத் துக்கம்

அன்செல்ம் வாத்தியாரை நான் முதலில் பார்த்தது மீன் சந்தையில். எங்களை ஆண்ட பெல்ஜியக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போனபோது பள்ளிக்கூடத்து வாத்தியார்களும் கூடவே போய்விட்டார்கள். பெரிய வகுப்பறைகள் திறந்தபடி கிடந்தன. உள்ளே ஆடுகள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. எங்கிருந்தோ புது வாத்தியார்கள் வரப்போகிறார்கள் என்று ஊரில் பேச்சு. ஒருநாள் காலை, கோட்டும் தொப்பியுமாக ஒருவர் சந்தைக்குள் நுழைந்தார். அவர் பின்னால் பிள்ளைகள் பட்டாளமாக வந்தார்கள்.

"வெள்ளைக்காரரு! வெள்ளைக்காரரு!"

நிமிர்ந்து பார்த்தேன். ஆள் என் மீன் சட்டியைவிடக் கறுப்பு.

"ஏன்டா, உங்க கண்ணு என்ன அவிஞ்சா போச்சு? யாருடா வெள்ளைக்காரரு?" என்று அதட்டினேன்.

"அவர் பேசுறதைக் கேளுங்க அத்தை, அப்புறம் சொல்லுங்க."

கேட்டேன். மூக்கால் பேசும் பிரெஞ்சு. எங்கள் லிங்காலா பாஷையில் ஒரு சொல்கூட வரவில்லை. புகைபோட்ட மீனை விரலால் காட்டி, "தயவுசெய்து, அம்மணி" என்றார். அதுவரை என்னை யாரும் அம்மணி என்று கூப்பிட்டதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து குவாங்கா விற்றுக்கொண்டிருந்த என் நாத்தனார் எக்கிலா, அவித்த மரவள்ளிக் கட்டிகளை இலை சுற்றி அடுக்கிக்கொண்டே, "உரிச்சுப் பாத்தா உள்ள வெள்ளையாத்தான் இருப்பாரு" என்றாள். சந்தை முழுக்கச் சிரித்தது. கறுப்பு வெள்ளைக்காரர் என்ற பெயர் அன்றைக்கே அவருக்கு ஒட்டிக்கொண்டது.

என் வீட்டுக்காரர் இலொங்காவுக்குத் துறைமுகத்தில் சரக்கு எடைபோடும் வேலை. பிரெஞ்சு நன்றாகத் தெரியும். அவர்தான் விசாரித்தார்.

"எந்த ஊரு ஐயா உங்களுக்கு?"

"ஹைத்தி."

"அது எந்த ஆத்துக்கு மேல இருக்கு?"

"ஆறு இல்லீங்க, கடலுக்கு அந்தப் பக்கம். எங்க முப்பாட்டனுங்க இங்கேருந்து போனவங்கதான். சங்கிலி போட்டுக் கப்பல்ல ஏத்திட்டுப் போனாங்க."

இலொங்கா யோசித்தார். "அப்ப திரும்பி வர இத்தனை நாளாச்சா? கப்பல் அவ்வளவு மெதுவாவா ஓடுச்சு?"

வாத்தியார் ஒரு கணம் விழித்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எங்கள் ஊருக்கு வந்தபின் தான் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று பிற்பாடு சொன்னார்.

அரசாங்கம் அவருக்கு வெள்ளைக்காரர் பேட்டையில் வீடு கொடுத்திருந்தது. ஆற்றைப் பார்த்த வராந்தா, சன்னலுக்கெல்லாம் கம்பி, சமையலறையில் ஓடாத குளிர்ப்பெட்டி. சுற்றிலும் பூட்டிய வீடுகள். அங்கே அவர் தனியாக உட்கார்ந்து அரிசிச் சோறு பொங்கித் தின்றார். குவாங்காவைக் கடித்துப் பார்த்துவிட்டுச் சவர்க்காரம் மாதிரி இருக்கிறது என்று வைத்துவிட்டாராம். எக்கிலா அதைக் கேட்டு ஒரு வாரம் அவருடன் பேசவில்லை.

ஒருமுறை நாலைந்து நாளாக அவர் மீன் வாங்க வரவில்லை. பள்ளிக்கூடத்துக்கும் வரவில்லை என்று பிள்ளைகள் சொன்னார்கள். நானும் இலொங்காவும் போய்க் கதவைத் தட்டினோம். தள்ளித் திறந்தால், தரையில் கிடந்தார். குளிர்க்காய்ச்சல். உதடு வெடித்திருந்தது. கோட்டை மாட்டிக்கொண்டு வகுப்புக்குக் கிளம்பியவர் அப்படியே விழுந்திருக்கிறார். தண்ணீர் கொடுக்கக்கூட அந்தப் பேட்டையில் ஒரு ஈ காக்கை கிடையாது.

"இந்த ஊர்ல யாராவது தனியா இருப்பாங்களா? பைத்தியமும் சூனியக்காரனும்தான் தனியா இருப்பாங்க. நீங்க ரெண்டுல எது?" என்று இலொங்கா கேட்டார்.

நாங்கள் அவரைத் தள்ளுவண்டியில் போட்டு எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். தெளிந்த பிறகு அவர் அந்த வராந்தா வீட்டுக்குத் திரும்பவில்லை. எங்கள் மனைக்கு அடுத்த மனையில், தகரக் கூரை போட்ட இரண்டறை வீட்டுக்குக் கட்டிலும் புத்தகப் பெட்டியுமாக வந்துவிட்டார். கல்வி அலுவலகத்தில் அது அவருடைய தகுதிக்குக் குறைவு என்றார்களாம். "சாகுறதுக்குத் தகுதியான வீடு அது. நான் பொழைக்க வந்தவன்" என்றாராம் இவர்.

அதன்பிறகு மெதுவாகப் பாஷை வந்தது. எங்கள் பாஷையில் குரலைக் கொஞ்சம் ஏற்றி இறக்கினால் அர்த்தமே மாறிவிடும். நெருப்புக்கும் மனுஷனுக்கும் ஏறக்குறைய ஒரே சொல். ஒருநாள் அடுப்புப் பற்றவைக்க வேலிக்கு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து, "தங்கச்சி, கொஞ்சம் மனுஷன் கொடுங்க" என்று கேட்டார்.

எக்கிலா விடுவாளா? "முழு மனுஷனா வேணுமா வாத்தியாரே, பாதி போதுமா? தொடைக்கறியா தரட்டுமா?"

வகுப்பில் அவர் வேறு ஆள். சட்டைக் காலர் அழுக்காக வந்தவனை வாசலிலேயே நிறுத்திவிடுவார். பிரெஞ்சு எழுத்துப்பிழைக்கு மரச்சட்டத்தால் விரல் முட்டியில் அடி. என் மூத்த மகன் அழுதுகொண்டு வருவான். ஆனாலும் பள்ளிக்கூடத்துக்குள் ஆடு படுப்பது நின்றது. அதற்காகவே ஊர் அவரைப் பொறுத்துக்கொண்டது.

அவருக்கு மனைவியும் ஒரு பெண்பிள்ளையும் இருந்தார்கள். மனைவி பெயர் அல்தாகிராஸ். மகள் கெர்தா, அவர் கிளம்பியபோது அவளுக்கு முன்பல் விழுந்துகொண்டிருந்ததாம். ஏன் விட்டுவிட்டு வந்தீர்கள் என்று இலொங்கா கேட்டதற்கு ஒரு கதை சொன்னார். அங்கே ஆட்சியில் இருந்தவருடைய படத்தை எல்லா வகுப்பிலும் மாட்டச் சொன்னார்கள். இவர் மாட்டவில்லை. ஏன் என்று கேட்டு ஆள் வந்தது.

"ஆணி கிடைக்கலைன்னு சொன்னேன்" என்றார் வாத்தியார். "அதுக்கப்புறம் அந்த ஊர்ல இருக்க முடியலை. இங்க வாத்தியார் வேணும்னு கேட்டாங்க. கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டேன். அவங்க ரெண்டு பேருக்கும் வெளிய வர அனுமதி கிடைச்சதும் வந்துருவாங்க."

அந்த அனுமதிக்காக நாங்கள் எல்லோருமே காத்திருந்தோம். அவர் இரண்டாவது கட்டில் செய்யச் சொன்னார். அதற்குக் கொசுவலை வாங்கிக் கட்டினார். கழிப்பறைக்கு மறைப்பு இல்லாமல் அல்தாகிராஸ் இருக்கமாட்டாள் என்று பலகைக் கதவு போட்டார். அவளுக்கு எலி என்றால் பயம், பட்டாணி பிடிக்காது, தேவாலயத்தில் குரல் தனியாகக் கேட்கும். எனக்கு என் சொந்த ஓரகத்தியைப் பற்றிக்கூட அவ்வளவு தெரியாது. அவள் எழுதிய கடிதங்கள் யாரோ பிரித்து ஒட்டினதாகத்தான் வரும். மாமரம் காய்த்திருக்கிறது, கெர்தா வளர்ந்துவிட்டாள், மழை இல்லை. அதற்குமேல் எதையும் எழுத முடியாது என்றார் வாத்தியார். "மழையைப் பத்தி எழுதினா அவ இன்னும் வீட்டுல இருக்கான்னு அர்த்தம்."

எக்கிலாவுக்கு இந்தக் காத்திருப்பு பிடிக்கவில்லை. "வர்றவ வரட்டும் அண்ணே. அதுவரைக்கும் சோறாக்க ஒருத்தி வேண்டாமா? எங்க சித்தப்பா மக இருக்கா. நல்ல தேக்கு மாதிரி உடம்பு."

"அல்தாகிராஸ் வந்தா என்னை வெட்டிப் போட்டுருவா."

"அவ வந்து சேர்றதுக்குள்ள உங்களுக்கு நாலு பிள்ளை பொறந்து நடக்கும்!"

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரிக்கப் பார்த்தார். முகம் ஒத்துழைக்கவில்லை.

கிழக்கே கலகம் மூண்ட வருஷம் கடிதங்கள் நின்றன. கலகக்காரர்கள் ஆற்றோரமாக ஊர் ஊராகப் பிடித்துக்கொண்டு வருவதாகச் சொன்னார்கள். விமானம் வரவில்லை, தபால் வரவில்லை. "இங்க கலகம், அதான் வரலை" என்று வாத்தியார் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வெளிநாட்டுக்காரர்களை ஏற்றிப்போக ஒரு விமானம் வந்தது. அவரையும் கூப்பிட்டார்கள். அவருடைய கடவுச்சீட்டு காலாவதியாகிக் கிடந்தது. அவர் நாட்டுத் தூதரகம் புதுப்பிக்க மறுத்துவிட்டது. "எந்த நாட்டுல இறக்கிவிடச் சொல்றது?" என்று கேட்டுவிட்டு, அன்றைக்கும் வகுப்புக்குப் போனார்.

ஒரு வாரம் கழித்துத் துறைமுகச் சாலையில் சிப்பாய்கள் அவரை நிறுத்தினார்கள். என்ன ஜாதி ஜனம், எந்த ஊர், அப்பன் பேர் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். இவர் சொன்ன எதுவும் அவர்களுக்குப் புரியவில்லை. எங்கள் தோல், வெள்ளைக்காரன் பிரெஞ்சு, வாயில் உடைந்த லிங்காலா. ஒற்றன் என்று முடிவு கட்டிவிட்டார்கள். துப்பாக்கிக் கட்டையால் காதோடு சேர்த்து அடித்தார்கள். யாரோ ஓடிவந்து சொல்ல, இலொங்கா போய் மண்டியிட்டார்.

"ஐயா, என் தம்பிங்க."

"உன் தம்பின்னா உன் பாஷையில பேசச் சொல்லு."

"சின்ன வயசுல மிஷன்ல கொண்டுபோய் விட்டுட்டோம் ஐயா. பாஷையைக் கெடுத்துட்டாங்க. இந்தப் பாவம் எங்க அம்மாவோடது."

சிப்பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதனால் உயிர் தப்பியது. இடது காதில் கேட்பது மட்டும் போய்விட்டது. கடைசிவரை திரும்பி வரவில்லை. பிள்ளைகள் அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு அரட்டையடிப்பார்கள்.

கலகம் ஓய்ந்து நதிக்கப்பல்கள் மறுபடி ஓடத் தொடங்கியபோது, தலைநகரிலிருந்து வில்னெர் என்பவர் வந்தார். அவரும் ஹைத்திக்காரர், தலைநகரில் கணக்கு வாத்தியார். மதியவெயிலில் இரண்டு பேரும் வாசலில் நாற்காலி போட்டு, தங்கள் பாஷையில் தணிந்த குரலில் பேசினார்கள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். ஒரு கட்டத்தில் வாத்தியார் எழுந்து, நல்ல காதை வில்னெரின் வாயருகே கொண்டுபோய், இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். பிறகு உள்ளே போய்விட்டார்.

வில்னெருக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இலொங்காவிடம் சொன்னார்: "வீட்டுக்கு ஆள் வந்து அல்தாகிராஸை வண்டியில ஏத்திட்டுப் போயிட்டாங்க. அவ அண்ணனையும்தான். பொண்ணு எங்கேன்னு தெரியலை. செத்ததைப் பாத்தவங்க யாரும் கிடையாது." கை கழுவும்போது, "ஆனா அந்த வண்டியில ஏறினவங்க யாரும் எங்க ஊர்ல திரும்பி வந்ததில்லை" என்றார்.

மறுநாள் வாத்தியார் வழக்கம்போல் டை கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனார். சாவு வீட்டிலிருந்து யாரும் அப்படிக் கிளம்பமாட்டார்கள். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வாசலில் பாய் விரித்துப் பெண்கள் தரையில் உட்காருவோம். ஆண்கள் ஓரமாக இருப்பார்கள். நாள் கணக்கில் அடுப்பை அங்கேயே மூட்டி, அழுது, பாடி, இறந்தவரை அனுப்பிவைப்போம். மாத்தங்கா என்போம். அது இல்லாவிட்டால் செத்தவர்களுக்குப் போக வழி கிடையாது. இருப்பவர்களுக்கு இருக்க வழி கிடையாது. அல்தாகிராஸுக்கு இந்த உலகத்தில் பாய் விரிக்க வேறு யார் இருக்கிறார்கள்? நான் தெருப் பெண்களைக் கூட்டினேன். எக்கிலா தலைப்பின்னலை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு முதல் ஆளாக வந்தாள். வாத்தியார் வாசலில் உட்கார்ந்தோம். முகம் பார்த்திராத அந்தப் பெண்ணை, எலிக்குப் பயந்தவளே, குரல் இனித்தவளே, எங்களைப் பார்க்காமலே போனாயே என்று சொல்லி அழுதோம். பொய் அழுகை இல்லை.

பள்ளிக்கூடம் விட்டு வந்தவர் வாசலிலேயே நின்றார்.

"யாரு செத்துப்போனா?"

பாதிப் பாட்டில் நிறுத்தினோம்.

"கேக்குறேன்ல, யாரு செத்துப்போனா? நீங்க பாத்தீங்களா? எந்திரிங்க. எல்லாரும் எந்திரிச்சுப் போங்க!"

"வாத்தியாரே, கொஞ்சம் நாங்க சொல்றதை..." என்று நான் எழுந்தேன்.

அவர் நான் உட்கார்ந்திருந்த பாயை இழுத்து வேலிக்கு அப்பால் எறிந்தார். பிறகு அடுத்த பாய். எக்கிலா கீழே சரிந்துவிட்டாள். கிழவிகளைக்கூட அவர் பார்க்கவில்லை. "உயிரோட இருக்கிறவளுக்கு ஒப்பாரி வைக்கிறீங்களே, நீங்கல்லாம் பொம்பளைங்களா!" என்று கத்தினார். அன்றைக்கு அவருடைய லிங்காலாவில் ஒரு பிழை இல்லை.

எக்கிலா மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். "அழ வந்தவங்களை விரட்டின வீட்டுல இனிமே யாரும் அழ வரமாட்டாங்க, வாத்தியாரே. ஞாபகம் வெச்சுக்கோங்க."

அதோடு போக்குவரத்து நின்றது. பெண்கள் அவர் வாசல் பக்கம் திரும்புவதில்லை. இலொங்கா மட்டும் போய் உட்கார்ந்துவிட்டு வருவார். வாத்தியார் இரண்டாவது கட்டிலின் கொசுவலையைக் கழற்றவில்லை. குடிக்கத் தொடங்கினார், முதலில் கள், பிறகு கரகரவென்று தொண்டையை அறுக்கும் சோளச் சாராயம். வகுப்பில் மேசையிலேயே தூங்கிவிடுவார் என்று என் இளையவன் சொன்னான். ஒருமுறை ஒரு பையனை மரச்சட்டத்தால் அடித்ததில் விரல் முறிந்துவிட்டது. பையனுடைய அப்பா கத்தியோடு வந்தார். இலொங்காதான் சமாதானம் பேசினார். வேலையை விட்டுத் தூக்காததற்கு ஒரே காரணம், அந்த வகுப்புக்கு வேறு வாத்தியார் இல்லை.

காலம் அப்படியே போனது. ஊர்ப் பெயரை மாற்றி ம்பண்டாக்கா என்றார்கள். எங்கள் ஞானஸ்நானப் பெயர்களை எடுத்துவிடச் சொன்னார்கள். கோட்டும் டையும் அந்நியன் உடை, போடக்கூடாது என்று உத்தரவு வந்தது. வாத்தியார் மறுநாள் கழுத்து மூடிய சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு போனார். தலைமையாசிரியர், "உங்களுக்கு இந்தச் சட்டமில்லை. நீங்க வெளிநாட்டுக்காரர், டை கட்டிக்கலாம்" என்று மரியாதையாகச் சொன்னாராம். அன்று சாராயக் கடையிலிருந்து இலொங்கா அவரைத் தோளில் தாங்கிக்கொண்டு வரவேண்டியதாயிற்று.

கெர்தா வந்தது அதற்கு அடுத்த வறட்சிக் காலத்தில். வில்னெர் இதற்குள் கனடாவுக்குப் போயிருந்தார். அங்கே ஹைத்திக்காரர்களிடம் விசாரித்து, அவளும் அதே நாட்டில் இருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறார். கப்பலிலிருந்து இறங்கியவள் அப்பாவைவிட உயரம். தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். துறைமுகத்தில் இரண்டு பேரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். கைதான் குலுக்கினார்கள், நான் கண்ணால் பார்த்தேன்.

அவர் குடிப்பதை நிறுத்தினார், அரிசி வாங்கினார், சட்டையை இஸ்திரி போட்டார். படிப்பு எப்படி, அங்கே குளிர் எப்படி, வில்னெர் சுகமா என்று கேட்டார். அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் காத்திருந்தது எனக்குத் தெரிந்தது. அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் அவள் நிமிர்ந்து பார்ப்பாள். அவர் மீனைப் பற்றிப் பேசுவார்.

கடைசியில் அவள் என் அடுப்பங்கரைக்கு வந்து உட்கார்ந்தாள். என்னுடையது சந்தைப் பிரெஞ்சு. அவள் எனக்காக நிறுத்தி நிறுத்திப் பேசினாள்.

"நான் வீட்டுலதான் இருந்தேன். ஜீப்பு சத்தம் கேட்டதும் அம்மா என்னைப் பின்வேலி வழியாத் தையல்காரம்மா வீட்டுக்குள்ள தள்ளிவிட்டா. அம்மாவையும் மாமாவையும் ஏத்திட்டுப் போனாங்க. விடியுற நேரத்துல விமானத் திடல் பக்கம் சுட்ட சத்தம் ஊருக்கே கேட்டுச்சு. தையல்காரம்மா போய்ப் பாத்துட்டு வந்தா. பாத்தேன்னு மட்டும் சொன்னா."

நான் அடுப்பை ஊதுவதை விட்டுவிட்டேன்.

"அழுதா எங்களையும் கொன்னுடுவாங்க அத்தை. எந்த வீட்டுல அழுகைச் சத்தம் கேக்குதுன்னு ஆள் சுத்திட்டிருந்தாங்க. அதனால தையல்காரம்மா எனக்குச் சிவப்பு கவுன் போட்டுத் தெருவுல விளையாட அனுப்பிட்டா. சிரிக்கணும்னு சொன்னா. நான் கயிறு தாண்டி விளையாடினேன். ஜீப்புல வந்தவங்க பாத்துட்டுக் கையாட்டினாங்க. நானும் கையாட்டினேன்."

அவள் அழவில்லை. அதைச் சொல்லும்போதும் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. பயிற்சி கொடுத்த சிரிப்பு.

"அப்பாகிட்ட சொல்லும்மா" என்றேன்.

"கேக்கட்டும், சொல்றேன். ஒரு ஆணி அடிச்சிருந்தா அம்மா இருந்திருப்பா. கேக்குற தைரியமாவது அவருக்கு வேண்டாமா?"

அவர் கேட்கவில்லை. அடுத்த கப்பலில் அவள் போய்விட்டாள். கைகுலுக்கித்தான் பிரிந்தார்கள்.

பல வாரம் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை, சந்தை நெரிசலில், என் பலகைக்கு முன்னால் வந்து நின்றார். குடித்திருக்கவில்லை. என் பக்கத்தில் எக்கிலா யாரிடமோ விலைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, அவ உங்ககிட்ட சொன்னாளா?"

"சொன்னா."

"சொல்லுங்க."

"இங்கேயா? வீட்டுக்கு வர்றேன் வாத்தியாரே."

"வீட்டுல வெச்சு என்னால கேக்க முடியாது." நல்ல காதைத் திருப்பிக்கொண்டு குனிந்தார்.

மீன் நாற்றத்துக்கும் கூச்சலுக்கும் நடுவில் எல்லாவற்றையும் சொன்னேன். ஜீப்பு, வேலி, விமானத் திடல் வரைக்கும் அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். தெரிந்த பாடத்தை ஒப்பிக்கக் கேட்பவர் மாதிரி. சிவப்பு கவுனைப் பற்றிச் சொன்னேன். கயிறு தாண்டியதைச் சொன்னேன்.

"கையாட்டினாளா?" என்று கேட்டார்.

"ஆமா."

அவர் பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். மீன்கள் சரிந்து விழுந்தன. வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அறுபடும் ஆட்டின் சத்தம். எக்கிலா திரும்பிப் பார்த்தாள். என்ன நடந்தது என்று அவள் கேட்கவில்லை. குவாங்கா கூடையைத் தள்ளிவைத்துவிட்டு, இடுப்பில் சுற்றியிருந்த மேல்துணியை அவிழ்த்துத் தரையில் விரித்தாள்.

"உக்காருங்க அண்ணே."

உட்கார்ந்தார். அவள் பின்னலை அவிழ்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து குரலெடுத்தாள். எங்கள் வரிசைப் பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். மீன் வாங்க வந்தவர்கள் சுற்றிப் போனார்கள். பொழுது சாயும்முன் அவரை வீட்டுக்கு அழைத்துப்போய் வாசலில் பாய் விரித்தோம். முறைப்படி எல்லாம் நடந்தது. துக்கம் கழிக்க ஆற்றில் முழுக வேண்டிய நாளில் அவர் தண்ணீருக்குப் பயந்து நின்றார். இலொங்கா கையைப் பிடித்து இறக்கினார்.

அதனால் அவர் தேறிவிட்டார் என்று சொல்ல முடியாது. கொஞ்ச நாள் குடிக்காமல் இருந்தார், பிறகு குடித்தார். மகளுக்கு எழுதினார். அவள் பதில் போடவில்லை. ஒருமுறை பண்டிகைக்கு ஒரு வாழ்த்து அட்டை வந்தது, பனிப் படம் போட்டது. பின்பக்கம் வெறும் கையெழுத்து. அதைச் சுவரில் மாட்டினார். சம்பளம் மாதக்கணக்கில் வராத காலத்திலும் வகுப்புக்குப் போனார். சிறுநீர் கறுத்துப் போகிற காய்ச்சல் வந்தபோது ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை. நானும் எக்கிலாவும் மாறி மாறி உட்கார்ந்திருந்தோம். கடைசி இரண்டு நாள் எங்களுக்குப் புரியாத தன் பாஷையிலேயே பேசினார். நாங்கள் ஊம் கொட்டினோம்.

ஆற்றோர மணலில், ஊர்க் கல்லறையில் புதைத்தோம். பழைய மாணவர்கள் நிறையப் பேர் வந்தார்கள். அடி வாங்கியவர்கள்தான் அதிகம். இலொங்கா கனடாவுக்குத் தந்தி கொடுத்தார். புதைத்து வெகு நாள் கழித்துப் பதில் வந்தது. அம்மா பெயரையும் அப்பாவின் கல்லறைப் பலகையில் எழுத முடியுமா என்று கெர்தா கேட்டிருந்தாள். படகுகளுக்குப் பெயர் எழுதுகிறவனைக் கூட்டிப்போய் இரண்டு பெயரையும் எழுதவைத்தோம். அவன் நீலச் சாயத்தில், படகுக்கு எழுதுவதுபோலவே பெரிதாக எழுதினான்.

அடுத்த பெருவெள்ளத்தில் ஆறு கரையைத் தின்றது. பலகையும் போயிற்று, அவருடையதோடு சேர்த்துக் கல்லறைகளில் பாதியும் போயிற்று. கல்லறைக்கு மேட்டில் புது இடம் கொடுத்திருக்கிறார்கள். அங்கே எடுத்து வைக்க அவர்கள் இரண்டு பேருடையது என்று எதுவும் மிஞ்சவில்லை.